அலாட்மென்ட் கிடைத்தால் முதல் வருடம் கால்வாசியோடு நிறுத்துங்கள்

அலாட்மென்ட் என்பது காய்கறி பயிரிடப் பிரிட்டனில் குத்தகைக்குக் கிடைக்கும் துண்டு நிலம். ஒரு முழு அலாட்மென்ட் 10 ராட். பழைய நில அளவு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 250 சதுர மீட்டர். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னால் ஆறு சென்டுக்குக் கொஞ்சம் மேல். இலங்கைக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்: ராட் என்பதும் காணி உறுதியில் வரும் பேர்ச் என்பதும் ஒரே அளவுதான். பத்து பேர்ச், யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு. காகிதத்தில் சின்ன நிலமாகத்தான் தெரியும். மே மாதம் இடுப்பளவு புல்லோடு முன்னால் நிற்கும்போது அப்படித் தெரியாது.

வருடக்கணக்கில் வரிசையில் காத்திருந்து நிலம் வாங்கியவர்களில் பலர் முதல் கோடையிலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் காரணமில்லை, ஆர்வம்தான் காரணம். ஏப்ரலில் முழு நிலத்தையும் கொத்திப் போடுவார்கள். திறந்த மண்ணில் ஜூனுக்குள் களை இரண்டு மடங்காக எழும்பும். ஜூலையில் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் பயிர் எது, களை எது என்று தெரியாது. பிறகு வளாகத்தை நடத்தும் கமிட்டியிலிருந்து ‘நிலம் பயிரிடப்படவில்லை’ என்று கடிதம் வரும். நிலத்தில் கால்வாசியில் மட்டும் பயிர் வைத்து மீதியை மூடி வைத்தவர்கள் இரண்டாம் வருடமும் அங்கே இருப்பார்கள்.

நிலம் கிடைக்கும் வழி

விண்ணப்பம் உங்கள் உள்ளூர்க் கவுன்சிலுக்கு. சில ஊர்களில் பாரிஷ் கவுன்சிலுக்கு. பல இடங்களில் கவுன்சில் நிலத்தை அலாட்மென்ட்காரர்களின் சங்கத்திடமே ஒப்படைத்திருக்கும், அங்கே பட்டியலை வைத்திருப்பவர் சங்கச் செயலாளர். அதனால் இணையத்தில் படிவத்தை நிரப்பியதோடு நிற்காமல், ஞாயிறு காலை நேரில் போங்கள். பெரிய வளாகங்களில் எரு, விதை, மூங்கில் விற்கும் சிறு கொட்டகை ஒன்று இருக்கும், பெரும்பாலும் வார இறுதிக் காலையில்தான் திறப்பார்கள். எந்தத் துண்டு சீக்கிரம் காலியாகும், யார் பாதியைப் பகிரத் தயார் என்பதெல்லாம் அங்கே தெரியும். அரைத் துண்டு போதும் என்று சொல்பவருக்குப் பல இடங்களில் வரிசை வேகமாக நகரும்.

வயதான ஒருவருக்கு உதவியாளராகச் சேர்வது இன்னொரு வழி. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் உதவியாளர் என்பதாலேயே அந்த நிலம் பிறகு உங்கள் பெயருக்கு வராது. சில சங்கங்களில் இணைக் குத்தகைதாரராகப் பெயர் சேர்க்கலாம், சிலவற்றில் முடியாது. உங்கள் பெயரையும் வரிசையில் தனியாகப் போட்டு வையுங்கள்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். இங்கிலாந்தில் 1908ஆம் வருடச் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் உள்ள அல்லது கவுன்சில் வரி கட்டும் ஆறு பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால், தேவை இருக்கிறதா என்று கவுன்சில் பரிசீலித்தாக வேண்டும். உள் லண்டன் பரோக்களுக்கு, அதாவது நகர மையத்தை ஒட்டிய கவுன்சில்களுக்கு, இந்தக் கடமை கிடையாது. 1922ஆம் வருடச் சட்டம் அலாட்மென்ட் தோட்டத்தை, முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ வீட்டுத் தேவைக்கான காய்கனி விளைவிக்கும் நிலம் என்கிறது. மிச்சக் காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது வேறு, வாரச் சந்தைக்கென்றே வெந்தயக்கீரை பயிரிடுவது வேறு. இரண்டாவதற்குச் சாவி போகும். 1950ஆம் வருடச் சட்டம் கோழியும் முயலும் வளர்க்க அனுமதிக்கிறது, வியாபாரத்துக்கு அல்ல. சேவலுக்கு அனுமதி இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

துண்டைக் காட்ட அழைத்துப் போகும்போது எல்லோரும் கொட்டகை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீர்த் தொட்டி எத்தனை அடி தூரம் என்பதை. பல வளாகங்களில் ஹோஸ் போடக் கூடாது. தொட்டியில் கேனை முக்கித் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். பத்து லிட்டர் கேன் இரண்டு, கோடையில் ஒரு மாலைக்குப் பதினைந்து நடை. தொட்டி 60 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், அதில் பாதித் தூரம் கையில் 20 கிலோவோடு.

அடுத்து களை. கைப்பிடி மண்ணைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, வளைத்தால் சட்டென முறியும் தடித்த வேர் இருந்தால் அது பைண்ட்வீட் என்ற கொடிக்களை. கூர்முனையோடு கம்பி போல ஓடுவது கவுச் புல். நம் அருகம்புல்லின் குணம் அப்படியே. இவை இருக்கும் நிலத்தில் ரோட்டவேட்டர் விடக் கூடாது. ஒரு வேரை ஐம்பது துண்டாக வெட்டி ஐம்பது செடி நட்ட மாதிரி ஆகிவிடும். முதல் நாளே வாடகைக்கு ரோட்டவேட்டர் எடுப்பது புதியவர்கள் செய்யும் செலவு பிடித்த தவறு. மண்வெட்டிக்கும் இது பொருந்தும். லண்டன் களிமண்ணில் ஸ்பேடைவிட நம் மண்வெட்டி நன்றாக இறங்கும், முதுகும் வலிக்காது. ஆனால் முதலில் முள்கரண்டி போன்ற ஃபோர்க்கால் வேரை உருவி எடுத்துவிட்டு, பிறகு மண்வெட்டி. எடுத்த வேரைக் கம்போஸ்ட் குவியலில் போட வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் மூடி ஒரு மாதம் ஊறப் போட்டு, முழுக்க அழுகிய பிறகு குவியலில் கொட்டலாம்.

திசையும் பார்க்க வேண்டும். ஊரில் உச்சி வெயில் தலைக்கு மேல் நிற்கும். நிழலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. லண்டனில் ஜூன் நடுப்பகலில்கூடச் சூரியன் 62 பாகைக்கு மேல் ஏறாது, செப்டம்பர் 23 வாக்கில் 38 பாகைதான். இரண்டு மீட்டர் பீன்ஸ் பந்தலின் நிழல் அப்போது நண்பகலிலேயே இரண்டரை மீட்டர் வடக்கே விழும். உயரமான பயிரெல்லாம் உங்கள் நிலத்தின் வடக்கு ஓரத்துக்குத்தான், ஆனால் எல்லையிலிருந்து இரண்டரை மீட்டராவது உள்ளே தள்ளி. இல்லையென்றால் உங்கள் பந்தல் பக்கத்துக்காரர் லெட்டூஸை மறைக்கும். வளாகத்துச் சண்டைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது, மீதிப் பாதி தண்ணீரால்.

கால்வாசியைத் திறப்பது

புல்லை ஸ்ட்ரிம்மரால் தரையோடு வெட்டுங்கள். முக்கால்வாசி நிலத்தைக் சைலேஜ் பிளாஸ்டிக் என்ற தடித்த கறுப்புப் பண்ணை ஷீட்டால் மூடி, ஓரத்தை 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் வையுங்கள். ஓரம் புதைக்காத ஷீட் முதல் பெருங்காற்றில் மூன்று தோட்டம் தாண்டிக் கிடக்கும். பழைய கார்ப்பெட் போட்டு மூடாதீர்கள். நாரும் சாயமும் மண்ணில் இறங்கும் என்பதால் பல சங்கங்கள் தடை செய்திருக்கின்றன, அள்ளி அப்புறப்படுத்தும் செலவும் உங்கள் தலையில்தான் விழும். கவுச் புல் ஒரு முழு வளர்பருவம் வெளிச்சம் இல்லாவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும். பைண்ட்வீட் சாகாது, சோர்ந்து போகும், அவ்வளவுதான்.

திறக்கும் கால்வாசியில் 1.2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளத்தில் பாத்திகள். நடுவே 45 செ.மீ. பாதை, தள்ளுவண்டி போகும் பாதை மட்டும் 60 செ.மீ. அரைத் துண்டு என்றால் நான்கு பாத்தி, முழுத் துண்டு என்றால் எட்டு. அகலம் 1.2க்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, பாத்திக்குள் கால் வைப்பீர்கள். ஈரக் களிமண்ணில் ஒரு முறை மிதித்த இடம் கோடையில் ஓடாக இறுகும்.

கொத்தாமலே செய்யும் முறை: டேப் நீக்கிய அட்டைப்பெட்டியை 15–20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே 10 செ.மீ. கம்போஸ்ட். கேட்க எளிதாக இருக்கும், கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஒரு பாத்தி 4.8 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு 480 லிட்டர், அதாவது 50 லிட்டர் மூட்டை பத்து. எட்டுப் பாத்திக்கு எண்பது மூட்டை. தனியாக வாங்காதீர்கள். சங்கம் மொத்தமாக இறக்கும் கம்போஸ்டுக்குப் பெயர் கொடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். இல்லாவிட்டால் வேரை ஃபோர்க்கால் உருவிவிட்டு 5 செ.மீ. மட்டும் போடுங்கள், பாதி போதும்.

குதிரைச் சாணம் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், குதிரைகள் தின்ற வைக்கோலில் என்ன மருந்து தெளித்தார்கள் என்று கேளுங்கள். அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி குதிரையின் வயிற்றையும் தாண்டி எருவில் உயிரோடு வரும். அது பட்ட மண்ணில் தக்காளி, உருளை, பீன்ஸ் இலைகள் பெரணிச் செடி போலச் சுருளும், அந்த வருட விளைச்சல் போயிற்று. சோதனை சுலபம்: மூன்று தொட்டியில் எரு கலந்த மண், மூன்றில் சுத்தமான மண், எல்லாவற்றிலும் ப்ராட் பீன்ஸ் விதை. முளைத்து நான்கு வாரத்தில் எருத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எருவைத் தொடாதீர்கள்.

ஊர் விதை ஏன் ஏமாற்றுகிறது

இது நம்மவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டும் இடம். குளிர்தான் பிரச்சினை என்று நினைத்துக் கிரீன்ஹவுஸ் கட்டுவார்கள். பல பயிருக்குக் குளிரைவிடப் பகல் நீளம்தான் தடை. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணியைக் கொஞ்சம்தான் தாண்டும். லண்டனில் ஜூன் மாதம் பதினாறரை மணி நேரம்.

சின்ன வெங்காயத்தை எடுங்கள். தமிழ்க் கடையில் வாங்கி நட்டால் பச்சைப் பசேலென்று முளைக்கும். ஆனால் அது பன்னிரண்டு மணிப் பகலிலேயே கிழங்கு கட்டப் பழகிய வெங்காயம். இங்கே மார்ச் கடைசியிலேயே பகல் அதைத் தாண்டிவிடுவதால், நான்கு இலை வருமுன் கிழங்கு கட்டத் தொடங்கி, நட்டதைவிடச் சின்னதாக முடியும். இங்கு விற்கும் ஷாலட் நாற்றுவெங்காயத்தை பிப்ரவரி, மார்ச்சில் 15 செ.மீ. இடைவெளியில், நுனி மட்டும் தெரியும்படி நட்டால் ஜூலையில் ஒன்றுக்கு ஆறோ எட்டோ கிடைக்கும். சாம்பாருக்கு வித்தியாசம் தெரியாது.

அவரைக்கு நேர்மாறான தொல்லை. பகல் சுருங்கினால்தான் பூக்கும் ஜாதி. செப்டம்பர் வரை கொடி மட்டும் ஓடும், பூ வந்து பிஞ்சு விடும்போது உறைபனி இறங்கும். அதன் இடத்தில் ரன்னர் பீன்ஸ். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் தொட்டியில் போட்டு, மே கடைசியில் 2.4 மீட்டர் மூங்கிலுக்கு ஒன்றாக நடுங்கள். விரல் நீளத்தில் பறித்துப் பொரியல் செய்தால் அவரைக்கு அருகே வரும். ஒரு வாரம் விட்டால் நார் விழுந்துவிடும், செடியும் பூப்பதை நிறுத்திவிடும். மொத்தக் குடும்பத்துக்கும் எட்டுச் செடி போதும். இருபது வைத்தவர்கள் ஆகஸ்டில் வாசல் வாசலாகக் கொடுத்துத் திரிவதைப் பார்க்கலாம்.

கொத்தமல்லியை மே மாதம் விதைத்தால் இலை சேருமுன்னே தண்டெடுத்துப் பூத்துவிடும். ஆகஸ்ட் முதல் பாதியில் விதையுங்கள், அக்டோபர் வரை இலை கிள்ளலாம். வெந்தயத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. மளிகைக் கடை வெந்தயமே முளைக்கும். ஒரு இரவு ஊறவைத்து, ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை தூவினால் ஐந்தாறு வாரத்தில் அறுப்பு. முளைக்கீரை, தண்டுக்கீரை ஜூனில் மண் சூடேறிய பிறகு நன்றாக வரும். அதைப் பார்த்து ஜமைக்காக்காரர் யாராவது ‘கல்லலூ’ என்று நின்று பேசுவார். அவர்கள் ஊரிலும் இதே குடும்பத்துக் கீரைதான், அவரிடம் விதை இருக்கும். மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல் எல்லாம் கண்ணாடிக்கு அல்லது பாலிடனல் என்ற பிளாஸ்டிக் கூடாரத்துக்கு அடியில் மட்டும். மிளகாயை ஜனவரி கடைசியில் வீட்டுக்குள் 20–25 பாகைச் சூட்டில் விதைக்காவிட்டால் பழுக்க நேரம் போதாது. முருங்கைக்கு ஆசைப்பட வேண்டாம்.

ஊரிலிருந்து விதை தபாலில் வரவழைப்பது பற்றி: தக்காளி, மிளகாய் விதைகள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பிரிட்டனுக்குள் வரக் கூடாது. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸ் விதையோடு பரவுவது முக்கியமான காரணம். ஒருவர் தோட்டத்தில் வந்தால் அது கத்தி, கை, கயிறு வழியாக வளாகம் முழுவதும் நடக்கும்.

முதல் வருடத்துக்கு நம்பிப் போடக்கூடியவை வேறு. முதலில் சீக்கிரம் விளையும் உருளை: பிப்ரவரியில் முட்டைத் தட்டில் வைத்து முளைவிடச் செய்து, மார்ச் கடைசியில் 12 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 30 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ. ஜூலை தொடக்கத்தில் தோண்டிவிடலாம். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கருகல் நோய், இங்கே பிளைட் என்பார்கள், தலை காட்டும். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காமல், இரண்டு நாளும் ஆறு மணி நேரமாவது காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் நின்றால் நோய்க்கு வாய்ப்பு என்று கணக்கு. பக்கத்தில் யார் உருளையில் பழுப்புப் புள்ளி வந்தாலும் தக்காளியைப் போய்ப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே நோய்க்கிருமி. வெட்டவெளியில் தக்காளி வைப்பதென்றால் கிரிம்ஸன் க்ரஷ் போன்ற தாங்கும் ரகம் தவிர மற்றது நேர விரயம்.

அடுத்தது லீக்ஸ். நுவரெலியா லீக்ஸ் தின்று வளர்ந்தவர்களுக்கு இங்கே அது முளைக்கும் விதமே சந்தோஷம். ஏப்ரலில் நாற்றுவிட்டு, பென்சில் தடிமன் வந்ததும் ஜூன் கடைசியில் 15 செ.மீ. ஆழத் துளைகள், 15 செ.மீ. இடைவெளி. நாற்றைத் துளையில் போட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும்; அந்த ஆழம்தான் தண்டை வெளுக்க வைக்கிறது. நட்ட அன்றே பூச்சிவலை போர்த்தாவிட்டால் புழு நடுக்குருத்தில் இறங்கும். பூசணியை, மூடி வைத்த கறுப்பு ஷீட்டில் சிலுவைக் கீறல் போட்டு ஜூன் முதல் வாரம் நடலாம். நான்கு செடி மூடிய நிலத்தின் மேல் வெகுதூரம் படரும், களையும் அடங்கும். கொழுந்தும் பூவும் கறிக்கு ஆகும்.

முட்டைக்கோஸ் குடும்பத்தை முதல் வருடம் விட்டுவிடலாம். புறாவுக்கு ஒரு வலை, வெள்ளைப் பட்டாம்பூச்சிக்கு 7 மி.மீ. கண்ணுக்கு மேல் போகாத வலை, மண்ணில் கிளப்ரூட் என்ற வேர்வீக்க நோய் இருந்தால் சுண்ணாம்பு என்று வேலை ஓயாது. ஆசைப்பட்டால் கேல் கீரை நான்கு செடி. வறைக்கு முருங்கையிலைக்குப் பதில் அது.

ஓடில்லாத நத்தைகளுக்குப் பழைய நீல உருண்டை மருந்து யாராவது கொட்டகையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், அன்பாகத்தான். மெட்டால்டிஹைட் இருந்தால் வாங்காதீர்கள்; 2022 வசந்தத்திலிருந்து வெளியில் பயன்படுத்தத் தடை. ஃபெரிக் பாஸ்பேட் உருண்டைக்குத் தடை இல்லை. சதுர மீட்டருக்குப் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தூவினால் கூடுதலாக எதுவும் சாகாது.

வளாகத்து மனிதர்கள்

எழுதிய விதிகள் குத்தகைப் பத்திரத்தில் இருக்கும்: கொட்டகைக்கு எழுத்தில் அனுமதி, நெருப்பு குளிர்காலத்தில் மட்டும், பழமரம் எத்தனை, கண்ணாடி வைக்கலாமா. எழுதாதவை வேறு. நுழைந்ததும் கேட்டைப் பூட்டுவது, உங்களுக்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் வருவார் என்று தெரிந்தாலும். பூட்டு எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போடாதது. தொட்டியில் மண் கிழங்கைக் கழுவாதது. உருளையின் நோய் அந்தத் தண்ணீரோடு அடுத்தவர் தக்காளிக்குப் போகும். உங்கள் பக்கத்துப் பாதையில் புல்லை வெட்டுவது. பயிர் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதை சுத்தமாக இருக்கிற துண்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் வருவது அபூர்வம். ஆய்வுக்கு வருபவர் நடப்பது பாதையில்தானே.

உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறோம் என்றால் செயலாளருக்கு முன்னாலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். கடிதம் வந்த பிறகு சொல்லும் காரணம் சாக்காகத்தான் கேட்கும். வருடத்தில் இரண்டு மூன்று முறை பொதுவேலை நாள் வரும்: வேலி கட்டுவது, பொதுப்பாதைக்கு மரச்சில்லு கொட்டுவது. முதல் வருடம் தவறாமல் போங்கள். பக்கத்து நிலங்களில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே பூண்டுக்கு வெள்ளை அழுகல் வந்தது என்பது அன்றைக்குத் தேநீரோடு தெரியவரும். அந்த அழுகல் மண்ணில் பதினைந்து வருடம்வரை கிடக்கக்கூடியது. கேட்காமல் நட்டவர்கள் ஜூனில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

குழாய்கள் உறையாமலிருக்கத் தண்ணீரை அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் நிறுத்திவிட்டு மார்ச்சில் திறப்பார்கள். அதற்குள் கொட்டகைக் கூரைக்கு மழைநீர் வடியும் ஒரு தகரப் பீலியும் 200 லிட்டர் பீப்பாயும் வைத்துவிடுங்கள்: மூன்று சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 30 லிட்டர். அதே வாரத்தில் பூண்டு நடவேண்டும். சூப்பர்மார்க்கெட் பூண்டு அல்ல, விதைக்கென்று விற்பது. பல் பிரித்து, 2.5 செ.மீ. ஆழத்தில், கூர்முனை மேலே, 15 செ.மீ. இடைவெளி. குளிர் பட்டால்தான் பல் பிரியும், வசந்தத்தில் நட்டது சில நேரம் ஒற்றைப் பல்லாகவே முடிந்துவிடும். நட்ட பல்லைக் காகங்கள் இழுத்துப் போடும், முளை வெளிவரும்வரை வலை போர்த்துங்கள். பூசணி அறுத்து முடித்த இடத்தில் ஷீட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கவுச் புல் வேர் பழுப்பாகி, இழுத்தால் நூலாக வந்தால் அடுத்த இரண்டு பாத்திகளை அங்கே திறக்கலாம். வெள்ளையாக விறைத்து இருந்தால் ஷீட்டைத் திரும்பப் புதைத்துவிட்டு, செங்கலை மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.